கொல்லை நீச்சல்குளத்தின் விலை ஏன் ஏறியது

சேகர்,

வியாழக்கிழமை போனில் நீ ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டாய். பொங்கல் முடிந்த கையோடு ஒரு தொகை சொன்ன ஆள், இரண்டு மாதம் போவதற்குள் ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கை எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனைச் சேசுராஜிடம் கொடுத்துவிட்டேன். கொடுத்திருக்கக் கூடாது. விடை என்னிடம்தான் இருந்தது, அவரிடம் இல்லை. அதை இப்போது எழுதுகிறேன். இதையும் போனிலேயே சொல்லலாமே என்று உனக்குத் தோன்றும். போனில் நீ குறுக்கே பேசுவாய், நானும் எனக்குச் சாதகமான இடம் வந்ததும் நிறுத்திக்கொள்வேன். கான்வென்டில் எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர், விடை சரியாக இருந்தாலும் வழி எழுதாவிட்டால் பூஜ்யம் போடுவார். அதனால் வழியோடு எழுதுகிறேன். நீளமாக இருக்கும். அவசரம் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து படி.

சேசுராஜை நீ அரை மணி நேரம் பார்த்ததோடு சரி. வடமதுரைக்காரர், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். சிறுமலை அடிவாரத்துத் தோட்ட வீடுகளில் நாலைந்து குளம் கட்டியிருக்கிறார். நீ ஊருக்குக் கிளம்பிய மறுநாள் மறுபடி வந்தார். கொல்லைக்குப் போகாமல் வாசலிலேயே நின்று நம் சந்தின் அகலத்தை அளந்தார். குளம் பின்னால்தானே வரப்போகிறது, இங்கே என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டேன். "குளத்தோட வெல சந்துலதாம்மா ஆரம்பிக்கிது," என்றார். நம் சந்து ஏழரை அடி. அதிலும் எதிர்வீட்டுப் படி ஒன்றரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. மண் தோண்டும் இயந்திரம் உள்ளே வராது. தோண்டுகிற மண் முழுவதும் கூடையிலும் தள்ளுவண்டியிலும்தான் நாகல் நகர் ரோடு வரைக்கும் போய் லாரியில் ஏற வேண்டும். இயந்திரம் ஒரு நாளில் செய்கிற வேலைக்கு ஆறு ஆள் பத்து நாள். நீ படத்தில் காட்டினாயே, கோயம்புத்தூரிலிருந்து ஒரே வார்ப்பாக வருகிற ஃபைபர் தொட்டி, குழி வெட்டி அதில் இறக்கினால் முடிந்தது என்று. அது எந்த வழியாக வரும் என்று நீ யோசிக்கவில்லை. "வீட்டுக்கு மேல கிரேனை வச்சுத் தூக்கணும்மா. குறுக்க கரண்டுக் கம்பி போகுது. கம்பியக் கழட்டணும்னா அதுக்கு ஒரு மனு, ஒரு செலவு, தெரு பூராம் ஒரு நாளு கரண்டு இல்லாம கெடக்கும். அம்புட்டுப் பேரும் உங்களத்தான் வைவாங்க." எனக்குத் தெருவில் இருக்கும் பெயர் போதும் என்று சொன்னேன். ஆகவே கான்கிரீட் என்று முடிவாயிற்று.

நீ வரைந்து கொடுத்த படத்தை அவர் வெகுநேரம் பார்த்தார். அவரைக்கொட்டை மாதிரி வளைந்து வளைந்து போட்டிருந்தாய். நேர்ச்சுவர் என்றால் பலகை அடித்துக் கான்கிரீட்டை ஊற்றிவிடலாம், வளைவு என்றால் கம்பியை வளைக்க வேண்டும், பலகையை அறுக்க வேண்டும், டைல்ஸைக் கையால் உடைத்து ஒட்ட வேண்டும், ஒவ்வொரு வளைவும் ஒரு கூலி என்றார். பிறகு ஆழம். ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் ஆறடி என்று எழுதியிருந்தாய். நீளம் கூடினால் செலவு கொஞ்சம்தான் கூடும், ஆழம் கூடினால்தான் எல்லாமே கூடும் என்பது எனக்குப் புதுச் செய்தி. வெளியே மண் தள்ளும், உள்ளே தண்ணீர் தள்ளும், இரண்டையும் தாங்குகிற சுவருக்கு ஒவ்வோர் அடிக்கும் கம்பியும் கனமும் ஏற வேண்டுமாம். "யாருக்கும்மா ஆறடி?" என்று கேட்டார். என் மகன் கேட்டிருக்கிறான் என்றேன். "சாருக்கு நீச்சல் தெரியுமா?" தெரியாது என்றேன். "அப்ப நாலடி போதும்மா." கேலி இல்லாமல்தான் சொன்னார். உனக்கு நாற்பத்தெட்டு வயதாகிறது, உனக்கு நீச்சல் தெரியாது என்று நான் ஒரு வெளி ஆளிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பாறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொல்லையின் மேற்குப் பக்கம், நெல்லிமரத்தை ஒட்டிக் கடப்பாரையை இறக்கினால் இரண்டரை அடியில் ணங் என்று நிற்கிறது. "மலைக்கோட்டை ஊருக்கு நடுவுல காலு நீட்டி உக்காந்திருக்கு. அந்தக் காலு எந்த வீட்டுக் கொல்லைல முட்டும்னு தோண்டுனாத்தான் தெரியும்," என்றார். பாறையை உடைக்கத் தனி ஆள், தனி மெஷின். வெடி வைக்க ஊருக்குள் முடியாது. இது போக மோட்டாரும் மணல் வடிகட்டியும் வைக்க ஒரு சின்ன அறை, அதற்குத் தனிக் கரண்டு, மாநகராட்சி அனுமதி, பேத்தி ஆதிரா ஓடிப்போய் விழாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு கம்பி வேலி. நெல்லிமரம் இருக்கிற வரைக்கும் வடிகட்டியை வாரம் இரண்டு தடவை கழுவ வேண்டும், அந்தப் பொடி இலை போல அதற்கு எதிரி கிடையாது என்றார். மரத்தை வெட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை.

கடைசியில் தண்ணீர். மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று உனக்கே தெரியும். நம் போர்வெல் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதுதான் டைல்ஸிலும் குழாயிலும் படியும். லாரித் தண்ணீர் என்றால் லாரி ரோட்டிலேயே நிற்கும், அங்கிருந்து குழாய் போட்டு இறைக்க வேண்டும். ஒரு தடவை நிரப்பினால் தீராது, வெயிலில் வற்றுவதை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். "குளம் கட்டற செலவு ஒரு தடவம்மா. தண்ணிச் செலவு குளம் இருக்கற மட்டும்," என்றார். இத்தனையையும் சேர்த்துத்தான் அவர் முதல் தொகையைச் சொன்னார். நியாயமான தொகை. நானும் வேறு இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் உனக்குச் சொன்னேன். நீயும் சரி என்றாய்.

பொங்கலன்று மத்தியானம் நீ கோலமாவை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் அந்த அவரைக்கொட்டையைத் தரையில் வரைந்தாய். ஆதிரா அந்தக் கோட்டுக்குள் குப்புறப் படுத்துக் கையைக் காலை அடித்தாள். உன் மனைவி பாவாடையெல்லாம் மண் என்று சத்தம் போட்டாள். நீ கிழக்குச் சுவர்ப் பக்கம், என்னுடைய குரோட்டன்ஸ் தொட்டியைச் சுற்றி ஆழமான பகுதியைப் போட்டாய். பிறகு கையைத் தட்டிக்கொண்டே, "அப்பா மூடுனத நான் தெறக்கறேன்மா," என்றாய். நான் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். கடைசிக் காம்பு வரைக்கும் ஆய்ந்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மாசி மாதம் சேசுராஜ் இரண்டு ஆட்களோடு வந்தார். கான்கிரீட்டுக்கு முன்னால் மண் எப்படி இருக்கிறது என்று ஒரு சோதனைக் குழி போட்டுப் பார்க்க வேண்டுமாம். குரோட்டன்ஸ் தொட்டியை மூன்று பேராகச் சேர்ந்து உருட்டினார்கள். அதற்குக் கீழே, மண்ணோடு மண்ணாக, வட்டமாக ஒரு சிமெண்டுக் குழாயின் வாய், அதன்மேல் ஒரு கடப்பைக்கல் துண்டு. பக்கத்தில் தோண்டத் தோண்ட உடைந்த செங்கல், ஓட்டுச் சில்லு, அடுப்புச் சாம்பல், ஒரு தேய்ந்த அம்மி. மேற்கே இரண்டரை அடியில் பாறை இருக்கிற கொல்லையில் இங்கே எட்டடி போயும் கடப்பாரை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. சேசுராஜ் குழியிலிருந்து ஏறி வந்து, "இங்க கெணறு இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். இருந்திருக்கலாம், எனக்கு ஞாபகம் இல்லை என்றேன்.

போட்ட மண்ணின்மேல் குளம் கட்டினால் என்ன ஆகும் என்பதை எனக்கு அவர் சொன்ன மாதிரியே உனக்குச் சொல்கிறேன். "இந்தப் பக்கம் பாற. ஆயிரம் வருசம் ஆனாலும் அசையாது. அந்தப் பக்கம் அள்ளிப் போட்ட மண்ணு. எறங்கிக்கிட்டே இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல உங்க கொளம் பிஸ்கட்டு மாதிரி ஒடையும்மா." ஆகவே அந்த மண்ணை எல்லாம் எடுத்துவிட்டு ஜல்லியும் கிராவலும் அடுக்கடுக்காகப் போட்டுக் கெட்டிக்க வேண்டும், இல்லையென்றால் குழியைத் தாண்டிப் பாலம் மாதிரி ஒரு கனமான தளம் போட வேண்டும். எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், எப்படி மூடினார்கள் என்று ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்துக்குத் தொகையைக் கூட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, தெரிந்தால் குறைத்துவிடுவேன் என்றார். அப்படி வந்ததுதான் இரண்டாவது தொகை. ஏறியதில் பாதி மண்ணின் விலை. மீதிப் பாதி, தெரிந்த ஒருத்தி வாயை மூடிக்கொண்டு நின்றதற்கான விலை.

அந்தத் தொகையைக் கேட்டதும் நீ போனில் என்ன சொன்னாய் என்பதைத் திருப்பி எழுதுகிறேன், உனக்கு மறந்திருக்கலாம். "கெணறு அங்க இல்லம்மா. அது பாத்ரூமுக்கு அடில போயிருச்சு. நீங்கதான சொன்னீங்க. இந்தாளு கத விடறான்." போனை அவரிடம் கொடுக்கச் சொன்னாய். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. "வயசானவங்க தனியா இருக்காங்கன்னு ஏமாத்தப் பாக்கறீங்களா?" என்று கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று ஒரு நிமிடம் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். பிறகு, "சரிங்க சார். நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க," என்று போனை மேசையில் வைத்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். ஆறிப்போன காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். "வாரேம்மா," என்று போய்விட்டார். அம்மாவுக்குத்தான் தெரியும், அவரைக் கேளுங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வர வேண்டிய பேச்சை இன்னொருவர் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் போவதை நான் பார்ப்பது அது இரண்டாவது தடவை. முதல் தடவை அது உன் அப்பா.

கிணறு குரோட்டன்ஸ் தொட்டிக்குக் கீழேதான் இருக்கிறது, சேகர். கிழக்குச் சுவரிலிருந்து பதினோரு அடி. குறுக்களவு ஒன்பது அடி, ஆழம் நாற்பது. பாத்ரூமுக்கு அடியில் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னது நான். நீ காலேஜில் படித்தபோது, பின்பக்கம் பாத்ரூமும் புதுச் சுவரும் எழும்பிக் கொல்லையே அடையாளம் மாறியிருந்த சமயம், மறுபடி தோண்டிப் பார்க்கலாமே என்று ஒருநாள் கேட்டாய். அந்தப் பேச்சை முடிக்க அது எனக்கு வசதியாக இருந்தது. அப்போதுதான் தொட்டியையும் அங்கே வாங்கி வைத்தேன்.

அந்தக் கிணற்றில் தண்ணீர் வற்றியதே இல்லை. நீ நான்காம் வகுப்பு முடித்த கோடையில்கூட இருபதடிக்குத் தண்ணீர் கிடந்தது. பின்தெருத் தறிக்காரர் வீட்டுப் பையன்களும் சுமைக்காரர் வீட்டுப் பையன்களும் வந்து குதிப்பார்கள். உன் அப்பா யாரையும் தடுத்ததில்லை. பஞ்சாயத்து யூனியனில் ஓவர்சீயர், ஊர் ஊராகக் கிணறும் கால்வாயும் அளந்து திரிகிறவர், தண்ணீரைப் பூட்டி வைக்கக் கூடாது என்பார். நீயும் படியில் உட்கார்ந்து காலை நனைப்பாய். பள்ளிக்கூடம் விட்டதும், "லீவுக்குப் பாலசமுத்திரத்துல சித்தப்பா வீட்டுக்குப் போயிட்டு வா அப்பு, வந்ததும் இடுப்புல கவுறு கட்டி எறக்கி விடறேன், பத்தே நாள்ல மெதப்ப," என்று அவர் உனக்குச் சொன்னார். அந்த வாரம்தான் என்னோடு கான்வென்டில் படித்த ஒருத்தி, கணவரின் காரில், என்னைப் பார்க்க வந்தாள். அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் மல்லிகைக் கொடியைக் காட்டினேன். நீ கோவணத்தோடு அந்தப் பையன்கள் நடுவில் நின்று, "ஏலே, எறங்குலே, பயந்தாங்கொள்ளி," என்று எவனையோ விரட்டிக்கொண்டிருந்தாய். அதற்கு மேலும் ஒரு வார்த்தை சொன்னாய், அதை நான் எழுத மாட்டேன். அவள், "யாரு, ஒன் பையனா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அன்று சாயங்காலமே கிணற்றை மூட வேண்டும் என்று உன் அப்பாவிடம் சொன்னேன்.

குழந்தை விழுந்துவிடுவான், எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். பயம் கொஞ்சம் இருந்தது உண்மை. அதை மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. அவர் இரண்டு வாரம் எதிர்த்தார். கம்பி மூடி போடலாம் என்றார், சுவரை உயர்த்தலாம் என்றார். கடைசியில், "நீ பயப்படறேன்னு சொல்ற. பயத்துக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?" என்றார். வெட்கமாக இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். ஒரு நாளில் என்னைத் தோற்கடித்திருப்பார். அது எனக்குத் தெரிந்திருந்தது.

ஆள் பிடித்தது நான், பக்கத்துத் தெருவில் இடிந்த வீட்டின் செங்கலும் ஓடும் பேசி வைத்தது நான். வேலைக்கு வந்த மேஸ்திரி கூடையைத் தொட மாட்டேன் என்றார். தண்ணீர் இருக்கிற கிணற்றை மூடுவது பாவம், வீட்டுக்காரர் கையால் மூன்று கூடை விழுந்தால்தான் அவர்கள் போடுவார்களாம். நான் கூடையை எடுத்தேன். "பொம்பளையாளு போடக் கூடாதும்மா. ஐயா வரட்டும்," என்றார். உன் அப்பாவுக்கு ஆபீசுக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார், சட்டைக்கையை மடித்தார், மூன்று கூடை போட்டார். தெருவே சுவரேறிப் பார்த்தது. அன்றிலிருந்து இந்தத் தெருவில் அது ஐயா மூடிய கிணறு.

அவர் இரண்டே இரண்டு காரியம் கேட்டார். ஓரடிக்கு ஓரடி மண் போட்டு, தண்ணீர் விட்டு, மிதித்துக் கெட்டித்துப் பிறகு அடுத்த அடுக்கு போட வேண்டும் என்றார். அதற்கு ஒன்றரை மாதம் ஆகும் என்று மேஸ்திரி சொன்னார். நீ திரும்பி வருவதற்குப் பத்து நாள்தான் இருந்தது. நீ வரும்போது அது முடிந்த கதையாக இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். கெட்டிக்காமல் அப்படியே கொட்டச் சொன்னேன். இப்போது நீ கேட்ட இரண்டாவது தொகைக்குக் காரணம் அந்தப் பத்து நாள் அவசரம். இன்னொன்று அந்தக் குழாய். அடியிலிருந்து மேல் வரைக்கும் சிமெண்டுக் குழாயை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்திச் சுற்றி மண்ணைப் போடச் சொன்னார். கிணறு மூச்சு விட வேண்டும் என்று ஆட்கள் சொல்கிற வழக்கம் என்று நினைத்து, நீங்களுமா இதை நம்புகிறீர்கள் என்று கேட்டேன். "நாளைக்கு இங்க தோண்டறவனுக்குத் தெரியணும்ல," என்றார். அதன்மேல்தான் நான் தொட்டியை வைத்தேன். அவர் இருந்தவரை அதை நகர்த்தச் சொல்லிக் கேட்டதே இல்லை.

நீ பாலசமுத்திரத்திலிருந்து, மிதக்கப் பழகுவதற்கென்று சித்தப்பா காயவைத்துக் கொடுத்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டிக்கொண்டே பஸ்ஸில் வந்தாய். நேராகக் கொல்லைக்கு ஓடினாய். அங்கே புது மண் மேடு. அப்பாவிடம் போய் நின்றாய். நான் அடுப்படியில் இருந்தேன், கதவு திறந்திருந்தது. "தண்ணி வத்திப்போச்சு அப்பு. மூடியாச்சு," என்றார். "சொன்னீங்களே," என்றாய். அவர், "சொன்னேன்," என்றார். நீ குடுக்கையை மண் மேட்டில் வீசிவிட்டு ஒரு மாதம் அவரிடம் பேசவில்லை. உன் பேச்சு திரும்பியது. அதற்கு முன்னிருந்த பேச்சாக அது திரும்பவில்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

காலேஜில் கும்பக்கரை அருவிக்குப் போனபோது எல்லார் துணியையும் வாட்சையும் பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன் என்று நீ உன் மனைவியிடம் வேடிக்கையாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்கள் அவர் நேர்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "நல்லவருதான். ஆனா சொன்னதச் செய்யற ஆளு இல்ல," என்று நீ சொன்னதும் கேட்டது. நான் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த வாக்கியத்தைத் திருத்துவதற்கு எனக்கு ஆறு வருடம் இருந்தது. மற்றவர்கள் எழுதிய கடிதத்தில்கூட ஒற்றுப் பிழை இருந்தால் பேனா எடுக்கிறவள் நான். இதைத் திருத்தவில்லை. நீ என்னை ஒழுங்கான மனுஷி என்று நினைப்பது எனக்கு வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை சேசுராஜைப் போனில் கூப்பிட்டேன். வர முடியாது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சனிக்கிழமை காலை வந்தார். கிணறு இருந்தது, எனக்கு ஞாபகம் இருந்தது, உங்களிடம் பொய் சொன்னேன், என் மகன் உங்களைப் பேசியபோது சும்மா இருந்தேன் என்று வரிசையாகச் சொன்னேன். "தெரியும்மா," என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தொட்டிய நகத்தறப்ப எல்லாரும் கொழாயப் பாத்தாங்க. நீங்க மட்டும் என்னையப் பாத்தீங்க." பிறகு நான் அளவு சொல்லச் சொல்ல அவர் கொல்லையில் வட்டம் போட்டார். டேப்பின் நுனியில் ஒரு நட்டைக் கட்டிக் குழாய்க்குள் விட்டார். இருபத்தெட்டு அடிக்குக் கீழே டேப் நனைந்து வந்தது. அவர் அதை என் கையில் கொடுத்தார். நான் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

இனி உனக்கு அவர் சொல்கிற யோசனை. அவரைக்கொட்டையை மறந்துவிடு. வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில், பாறையின்மேல், நேர்ச்சுவர் வைத்து நாலடி ஆழத்தில் ஒரு நீள்சதுரம். பாறையை உடைக்க வேண்டாம். பாதி தரைக்குள்ளும் பாதி தரைக்கு மேலும் இருக்கும், ஏற நாலு படி வைத்துவிடலாம், மேலே இருக்கும் பகுதியே ஆதிராவுக்கு வேலி மாதிரி. தோண்டுகிற மண் குறைவு, சந்தில் போகிற கூடையும் குறைவு. முதலில் சொன்ன தொகைக்கும் கீழேயே முடியும் என்கிறார். கிணற்றைத் தூர்வாரினால் அந்தத் தண்ணீரே குளத்துக்குப் போதுமா என்று கேட்டேன். வாரிப் பார்த்தால்தான் தெரியும், நான் சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. குளம் வேண்டுமா, எப்படி வேண்டும் என்பது உன் முடிவு. அதற்கு முன் அவரிடம் நீ பேச வேண்டும். மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லாமல் சுற்றி வளைக்காதே. நான் அப்படிச் சுற்றிப் பார்த்தேன், வழி இல்லை.

கிணறு உன் முடிவு இல்லை. அது என்னுடையது, அதன் செலவும் என்னுடையது. கிணறு தூர்வாருகிற ஆட்களைச் சேசுராஜே பேசியிருக்கிறார். இறக்கித் தூக்குகிற கிரேனைப் பிரித்துச் சந்து வழியாகக் கொண்டுவந்து கொல்லையில் பூட்டுவார்களாம். அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பம். முதல் மூன்று கூடையை நான் எடுக்கிறேன். பெண் எடுக்கலாமா என்று யாரிடமும் கேட்கப் போவதில்லை. வர முடிந்தால் வா. ஆதிராவுக்குப் பள்ளிக்கூடம் இருந்தால் அவளை விட்டுவிட்டு வா.

தண்ணீர் வற்றிப்போயிற்று என்று உன் அப்பா உன்னிடம் சொன்னது பொய். அவர் உனக்குச் சொன்னதில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான் பொய், அதையும் எனக்காகச் சொன்னார்.

அம்மா